பொட்டலத்தில் எச்சரிக்கைப் படம் இல்லை!

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் எனக்கு. எட்டு வருஷமாகத் தோல் வாடையிலேயே குப்பை கொட்டியதில் மூக்கு மரத்துவிட்டது. மசக்கையில் இருந்த என் மனைவிக்கோ எல்லா வாடையும் எட்டியது. தெருமுனையில் பிரியாணி அண்டாவைத் திறந்தால் வாந்தி. நான் ஆபீஸிலிருந்து வந்தாலும் வாந்தி. (வாடையா, என் முகமா என்று ஒரு சந்தேகம்!)

நண்பன் ஒருவன் வைத்தியம் சொன்னான். "இதுக்குப் போயி இன்னாடா கவலை? கஞ்சா லேகியம், சுண்டைக்கா அளவு குடு. மூலிகைதானே? அமெரிக்காவுல மாசமா இருக்கிறவங்களுக்கே கடையில சிபாரிசு பண்றானாம்!" பொட்டலத்தையும் என் சட்டைப் பையில் திணித்தான்.

மறுநாள் செக்கப். சுவரெல்லாம் போஸ்டர்... இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, புகையிலை. கஞ்சா பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால், நர்ஸம்மா கேட்டார்: "புகையிலை, பீடி, கஞ்சா... வீட்ல யாருக்காவது பழக்கம் உண்டா?"

நான் ஃபேனைப் பார்த்தேன்.

"தம்பி, போலீஸுக்காகக் கேக்கலை. குழந்தைக்காகக் கேக்கறேன்."

அந்த ஒரு வார்த்தையில் பொட்டலம் மேஜைக்கு வந்துவிட்டது!

"எருக்கம்பாலும் மூலிகைதான், குடிப்பீங்களா?" என்றவர், பொறுமையாக விளக்கினார். கஞ்சாவின் போதைப்பொருள் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். எடை குறைந்தோ, நாள் முந்தியோ பிறக்கலாம். மூளை வளர்ச்சி பாதிக்கலாம். கொழுப்பில் தங்கித் தாய்ப்பாலிலும் வரும்.

நண்பன் சொன்னது பொய்யில்லை. 2018-ல் வெளியான ஆய்வு அது. கொலராடோ மாநிலத்தில் 400 கஞ்சாக் கடைகளுக்கு, எட்டு வாரக் கர்ப்பிணி போலப் போன் செய்தார்கள். 69 சதவிகிதம் பேர் வாந்திக்குக் கஞ்சாவைச் சிபாரிசு செய்தார்கள். சொன்னது கல்லாவில் இருப்பவர், டாக்டர் இல்லை சார்! கர்ப்ப காலத்தில் எந்த அளவும் பாதுகாப்பானது என்று தெரியவில்லை என 2019 ஆகஸ்டில் அமெரிக்க சர்ஜன் ஜெனரலே எச்சரித்தார்.

சிகரெட் பாக்கெட்டில் 85 சதவிகித இடத்துக்கு எச்சரிக்கைப் படம். 1985 போதைப்பொருள் சட்டம் தடுத்த கஞ்சாவுக்கு? பழைய பேப்பர் பொட்டலத்தில் யார் படம் போடுவது? அங்கே நர்ஸம்மாவின் வாய்தான் எச்சரிக்கை. அவர் அதட்டியிருந்தால் பொட்டலம் என் பையிலேயே வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

போஸ்டரெல்லாம் பெண்களைப் பார்த்துப் பேசுகிறது. சரக்கு வீட்டுக்குள் வருவது நம் சட்டைப் பை வழியாக அல்லவா?

டாக்டர் கொடுத்த மாத்திரையும், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொன்ன யோசனையும் பலித்தன. ஐந்தாம் மாதம் வாந்தி நின்றது. இப்போது என் முகத்தைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்புதான் வருகிறது!