நெல் உலர்த்தியின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி தன்னைத் தானே சீரமைத்துக்கொள்ளும் முறை

அக்கராயன்குளத்தின் கீழ்ப் பயிர்செய்யும் கமக்காரர் யாவரும் அறிந்த ஒன்றுண்டு. துருசைத் திறந்தவுடனே கடைவயலுக்கு நீர் வந்து சேர்வதில்லை. வாய்க்கால் நனைந்து நிரம்பும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். நீரைக் காணோமென்று துருசை மேலும் உயர்த்துபவர் பின்னர் வரம்பு உடைவதைக் காண்பர். அஞ்சி முழுவதும் அடைத்துவிட்டாலோ, சிறிது நேரத்தின் பின் வயல் காயும். நெல் உலர்த்தியில் வெப்பத்தை ஆளுவதிலுள்ள இடரும் இதுவே.

காலபோக அறுவடை வேளையில் மழை பெய்யுமாயின் நெல்லை வெயிலிற் காயவைக்க இயலாது. உலர்த்தியை நாட நேரிடும். விதைநெல்லுக்குள் ஊதப்படும் காற்றின் வெப்பம் 43 பாகை செல்சியசைத் தாண்டலாகாது. தாண்டினால் முளைதிறன் கெடும். அக்கேடு நெல்லைப் பார்த்து அறியக்கூடியதன்று. விதைத்த பின்னரே தெரியவரும்.

உலர்த்தியிற் பொருத்தப்படும் கருவி மூன்றனைக் கவனித்துச் சூட்டைக் கூட்டிக் குறைக்கின்றது. குறித்த வெப்பத்துக்கும் உள்ள வெப்பத்துக்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவு, அது எவ்வளவு காலம் நீடித்தது, எவ்வளவு விரைவாக மாறுகின்றது என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் எத்துணை இடமளிப்பதென்பது உலர்த்திக்கு உலர்த்தி வேறுபடும். 1942 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளரான சீக்லர், நிக்கல்ஸ் இருவரும் இதற்கு ஒரு விதி வகுத்தனர். வெப்பம் ஓயாது ஏறியிறங்கும் எல்லைவரை கருவியைத் தூண்டி, அவ்வூசலை அளந்து, அளவுகளைக் கணிப்பதே அவ்விதி. அவ்வூசலைக் கருவியே அடக்கமாக உண்டாக்கும் வழியை 1984 ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த ஓஸ்ட்ரோம், ஹெக்லுண்ட் ஆகியோர் காட்டினர்.

சீரமைப்பைத் தொடக்கியதும் கருவி சூடேற்றியை முழுவதும் இயக்குகின்றது. குறித்த வெப்பத்தைக் கடந்ததும் முழுவதும் நிறுத்துகின்றது. வெப்பம் தாழ்ந்ததும் மீண்டும் இயக்குகின்றது. நிறுத்திய பின்னும் தேங்கிய சூட்டினால் வெப்பம் சற்று ஏறவே செய்யும். இவ்வாறு சில ஊசல்கள் நிகழ, அவற்றின் உயரத்தையும் காலத்தையும் கருவி அளந்துகொள்கின்றது. உயரம் சிறிதெனில் அது வலிந்து செயற்படலாம்; பெரிதெனில் மென்மையாகவே செயற்படல் வேண்டும். ஓர் ஊசலுக்கு 4 நிமிடம் செல்லுமாயின், பழைய விதிப்படி, நீடித்த வேறுபாட்டைத் திருத்தும் காலம் 2 நிமிடமாகவும் மாற்றத்தை முன்னோக்கும் காலம் அரை நிமிடமாகவும் அமையும். இக்காலக் கருவிகள் பல இதனைச் சற்றுத் தளர்த்தியே கணிக்கின்றன.

ஆதலின், சீரமைப்பு நடக்கும் வேளையில் வெப்பம் குறித்த அளவைத் தாண்டும் என்பதை மறத்தலாகாது. அப்போது உலர்த்தியில் விதைநெல் இருத்தல் கூடவே கூடாது. அரிசிக்கான நெல்லை வழக்கமான உயரத்துக்கு நிரப்பி, காற்றாடியை ஓடவிட்டுச் செய்க. வெற்று உலர்த்தியிற் செய்தால், காற்றோட்டம் வேறாகையால், பெறும் அளவுகள் நெல் நிரம்பிய உலர்த்திக்குப் பொருந்தா. வெப்பமுணரி இடம் பெயர்ந்திருந்தாலும் கருவி அதனையே நம்பும்; எனவே வேறொரு வெப்பமானியைக் காற்று புகுமிடத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க. மிளகாய் உலர்த்துவோரும் இம்முறையையே கையாளலாம். ஆயினும் மிளகாயை இட்டு மீளவும் சீரமைத்தல் வேண்டும்.

கையால் உமி போட்டு எரிக்கும் அடுப்புக்கு இக்கருவி பயன்படாது. அங்கே வெப்பமானியருகில் ஒருவர் விழித்திருந்து, 40 பாகை ஏறியதும் உமி இடுவதை நிறுத்தல் வேண்டும்.