நோய்க்குப் பூட்டு, உலைக்கும் பூட்டா?

பழவேற்காடு ஏரியைச் சார்ந்த மீனவர் கிராமங்களுள் பசியாவரமும் ஒன்று. இறாலும் மீனும் அன்றன்றே விலை போனால்தான் அங்கே உலை கொதிக்கும். 2020-ஆம் வருஷம் மார்ச்சு 25-ந் தேதி, கொரோனா நோயை முன்னிட்டுத் தேசமெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. மீன்பிடிப்பு, மீன் விற்பனை முதலிய தொழில்களுக்கு மத்திய சர்க்கார் தெளிவாக விலக்களித்ததோ ஏப்ரல் 10-ந் தேதிதான். இடைப்பட்ட நாட்களில் ஏழைக் குடும்பங்கள் என் செய்யும்?

ஊரடங்கிற்கு ஆதாரம் 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டம். தமிழ்நாடு சர்க்கார் விதிகள் வகுத்ததோ 1897-ஆம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ். பம்பாயில் பிளேக் பரவியபோது, பிரிட்டிஷார் நான்கே பிரிவுகளில் அவசரமாக இயற்றிய சட்டம் அது. உத்தரவை மீறுவோருக்கு அதில் தண்டனை உண்டு. நல்லெண்ணத்துடன் செயலாற்றும் அதிகாரிகளுக்குப் பாதுகாப்பும் உண்டு. நஷ்டஈட்டைப் பற்றி மட்டும், 'ஏதேனும் இருந்தால்' என்ற தோரணையில் ஒரு சொல் சொல்லி அன்று நிறுத்திக்கொண்டது.

உயிர் காக்கக் கடையை அடைக்கச் சொல்வது நியாயமே. அதை யாரும் மறுக்கார். ஆனால், கொள்ளை நோய் ஊர் முழுவதற்கும் பொதுவென்றால் அதைத் தடுக்கும் செலவும் பொதுவாக வேண்டுமல்லவா? வலையைக் கரையேற்றச் சொல்லும் உத்தரவிலேயே, வலைஞன் வீட்டு அரிசிக்கும் ஒரு வரி இருக்கட்டும்.