குளிர் காக்கும் புளிப்பு, காலம் தரும் நுரை: ஸ்பார்க்ளிங் ஒயின் உருவாகும் விதம்

பொத்தேரி, காட்டாங்குளத்தூர் வட்டாரத்தில் ஓட்டல் மேலாண்மை படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட்டுகள்தான் பயிற்சிக் களம். திருமண வரவேற்பிலும் புத்தாண்டு இரவிலும் தக்கை தெறிக்க அங்கே திறக்கப்படும் பாட்டிலை எல்லோரும் 'ஷாம்பெய்ன்' என்றே சொல்கிறோம். ஆனால் பல நேரங்களில் அது பிரான்ஸிலிருந்து வந்ததல்ல. மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் தயாரானது. குளிர்நாட்டுக்கே உரியதென்று நெடுநாள் கருதப்பட்ட ஒயின் இந்திய மண்ணில் எப்படிச் சாத்தியமாயிற்று? அதன் நுரை எங்கிருந்து வருகிறது? சுவையில் இனிப்பு ஏன் இல்லை? மதுவைத் தொடாதவர்களும் தெரிந்துகொள்ளத்தக்க வேளாண்மையும் வேதியியலும் இதில் இருக்கின்றன.

பெயர் யாருக்குச் சொந்தம்?

பாரிஸுக்குக் கிழக்கே, ரீம்ஸ், எபெர்னே நகரங்களைச் சுற்றியுள்ள நிலப்பகுதியின் பெயர்தான் ஷாம்பெய்ன். அங்கே விளைந்த திராட்சையில், அங்குள்ள விதிமுறைப்படி தயாரித்த ஒயினுக்கு மட்டுமே அந்தப் பெயரைச் சூட்டலாம். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கும் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் இருப்பதுபோல ஷாம்பெய்னுக்கும் இந்தியாவில் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு உண்டு. ஆகவே நாசிக்கில் தயாரிப்பவர்கள் தங்கள் பாட்டிலில் 'ஸ்பார்க்ளிங் ஒயின்' என்றே அச்சிடுகிறார்கள். ஸ்பெயினில் இதன் பெயர் காவா. இத்தாலியின் புரொசெக்கோ இன்னொரு வகை.

குளிர் எதற்கு?

ஷாம்பெய்ன் ஏறத்தாழ 49 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை 11 டிகிரி செல்சியஸை ஒட்டியே நெடுங்காலம் இருந்துவந்தது. திராட்சை பழுக்கத் திணறும் எல்லை அது. அந்தத் திணறலே இந்த ஒயினுக்கு மூலதனம்.

திராட்சை பழுக்கும்போது சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். புளிப்பைத் தருபவை முக்கியமாக டார்டாரிக், மாலிக் என்ற இரு அமிலங்கள். இவற்றில் மாலிக் அமிலத்தைச் செடி தன் சுவாசத்துக்கு எரித்துவிடும். வெப்பம் கூடினால் எரிப்பின் வேகமும் கூடும். இரவு குளிர்ந்திருந்தால் அமிலம் பழத்திலேயே தங்கும். ஸ்பார்க்ளிங் ஒயினுக்கு வேண்டியது சர்க்கரை குறைந்த, புளிப்பு நிறைந்த பழம். சாதாரண ஒயினுக்கு 22 முதல் 24 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரையை அளக்கும் அலகு) வரை இனிப்பு ஏறும்வரை காத்திருப்பார்கள். இதற்கு 18, 19 பிரிக்ஸிலேயே பறித்துவிடுவார்கள். அந்தப் புளிப்பு இல்லாவிட்டால், நுரை அடங்கியதும் வாயில் எஞ்சுவது சப்பென்ற சாறு மட்டுமே.

ஷாம்பெய்னில் பெரும்பாலும் மூன்று ரகங்களே பயிராகின்றன: ஷார்டனே, பினோ நுவார், முனியே. பின்னிரண்டும் கருந்தோல் பழங்கள். நிறம் தோலில் இருக்கிறது, சாற்றில் இல்லை. மெதுவாகப் பிழிந்தால் கருந்திராட்சையிலிருந்தும் வெளிறிய சாறு கிடைக்கும்.

நுரை எங்கே பிறக்கிறது?

கோலி சோடாவில் கரியமில வாயுவை வெளியிலிருந்து அழுத்தி ஏற்றுகிறோம். ஷாம்பெய்ன் முறையிலோ வாயு பாட்டிலுக்குள்ளேயே பிறக்கிறது. முதலில் சாற்றை நொதிக்கவைத்து, நுரையில்லாத புளித்த ஒயினாக்குவார்கள். அதைப் பாட்டிலில் ஊற்றி, லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுவார்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று சிறிதளவு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். வெளியேற வழியில்லாத வாயு ஒயினிலேயே கரையும். முடிவில் பாட்டிலுக்குள் ஏறக்குறைய 6 வளிமண்டல அழுத்தம் சேர்ந்துவிடும்.

வேலை முடித்த ஈஸ்ட் மடிந்து அடியில் மண்டியாகப் படியும். அந்த மண்டியோடு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போதுதான் ஒயினுக்கு ரொட்டி, வறுத்த பருப்பு போன்ற மணம் ஏறுகிறது. சாதாரண ஷாம்பெய்ன் பாட்டிலில் அடைக்கப்பட்டபின் குறைந்தது 15 மாதங்கள் நிலவறையில் இருந்தாக வேண்டும். அதில் 12 மாதங்கள் மண்டியோடு. ஒரே ஆண்டின் அறுவடையில் தயாரானதென்று குறிப்பிடப்படும் ஒயினுக்கு மூன்று ஆண்டுகள்.

பிறகு மண்டியை நீக்க வேண்டும். பாட்டில்களைத் துளையிட்ட பலகையில் சாய்த்துச் செருகி, நாள்தோறும் கொஞ்சம் திருப்பிக் கொஞ்சம் தலைகீழாக்கி, மண்டி முழுவதும் கழுத்துக்கு இறங்கும்படி செய்வார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த உத்தியை உருவாக்கியது, இளம் வயதில் கணவரை இழந்து நிறுவனத்தைத் தானே ஏற்று நடத்திய பார்ப்-நிக்கோல் கிளிக்கோ என்பவரின் நிலவறை. இப்போது பெரும்பாலான இடங்களில் எந்திரக் கூண்டுகள் இந்த வேலையைச் செய்கின்றன. கடைசியாகப் பாட்டிலின் கழுத்தை மட்டும் உறையவைத்துத் திறந்தால், உள்ளழுத்தம் மண்டிக் கட்டியைத் தானே வெளியே தள்ளிவிடும். குறையும் அளவை ஒயினும் சிறிது சர்க்கரையும் கலந்து நிரப்பி, தக்கை அடைத்து, கம்பி கட்டுவார்கள்.

செலவு குறைந்த வழியும் உண்டு. இரண்டாம் நொதிப்பை மூடிய பெரிய தொட்டியில் நடத்தி, அழுத்தம் குறையாமல் பாட்டிலில் நிரப்பலாம். இத்தாலியின் மார்ட்டினோட்டி 1895இலும் பிரான்ஸின் ஷார்மா 1907இலும் இதற்கு வடிவம் கொடுத்தார்கள். புரொசெக்கோ பெரும்பாலும் இப்படித்தான் தயாராகிறது. பழத்தின் மணம் தூக்கலாக இருக்கும். மண்டியின் மணம் இருக்காது.

கண்டுபிடித்தது ஒருவரா?

தோம் பெரின்யோன் என்ற துறவி ஷாம்பெய்னைக் கண்டுபிடித்தார் என்ற கதை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. உண்மை வேறு. 1715இல் மறைந்த அவர் நல்ல ஒயின் தயாரிப்பாளர். ஆனால் அவர் காலத்தில் நுரை ஒரு குறையாகவே கருதப்பட்டது, அதைத் தவிர்க்கவே பாடுபட்டார்கள். அவருக்கு முன்பே, 1662இல், ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்கவைக்கும் வழக்கத்தைப் பற்றி இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் மெரெட் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்திருக்கிறார். நிலக்கரி உலையில் வார்த்த உறுதியான பாட்டில்கள் அப்போது அங்கேதான் இருந்தன.

எவ்வளவு சர்க்கரை போட்டால் பாட்டில் தாங்கும் என்பது நெடுநாள் தெரியாமலே இருந்தது. வெடிக்கும் பாட்டில்களுக்கு அஞ்சி நிலவறைத் தொழிலாளர்கள் இரும்பு முகமூடி அணிந்தார்கள். 1836இல் ஷாலோன் நகர மருந்தாளுநர் ஜான்-பப்டிஸ்ட் பிரான்சுவா சர்க்கரையை அளக்கும் முறையை வகுத்த பின்பே இழப்பு குறைந்தது. தக்கையைப் பிடித்து நிறுத்தும் கம்பி மூடிக்கு அடோல்ப் ஜாக்கசோன் காப்புரிமை பெற்றது 1844இல்.

இனிப்பில்லாத ஷாம்பெய்னும் பிற்காலத்து வரவுதான். 19ஆம் நூற்றாண்டில் அது மிக இனிப்பான பானம். ஆங்கிலேயரின் நாக்கு வேறு சுவையைத் தேடுவதை உணர்ந்த லூயிஸ் பொமெரி என்ற பெண்மணி, 1874ஆம் ஆண்டு அறுவடையில் இனிப்பு குறைத்த ஒயினைத் தயாரித்து வெற்றி கண்டார். இன்று அதுவே வழக்கமாகிவிட்டது.

நாசிக் சாதித்தது எப்படி?

இந்தியாவில் இந்த முறைக்கு வழி திறந்தவர் ஷாம்ராவ் சௌகுலே. புனே அருகே நாராயண்காவில் அவர் தொடங்கிய ஷாட்டோ இன்டாஜ், பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியோடு 1980களில் 'உமர் கய்யாம்' என்ற ஸ்பார்க்ளிங் ஒயினை வெளியிட்டு, வெளிநாடுகளுக்கும் அனுப்பியது. பின்னாளில் கடன் சுமையில் அந்த நிறுவனம் வீழ்ந்தது. ஆனால் வெப்ப நாட்டிலும் இது முடியும் என்று அது காட்டியிருந்தது. அடுத்து ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா, நாசிக்கைத் தொழிலின் மையமாக்கியது. ஷாம்பெய்ன் நிறுவனமான மொயெட் குழுமமே நாசிக் அருகே திண்டோரியில் களமிறங்கி, 2013இல் 'ஷாண்டோன்' பாட்டிலை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் வெள்ளை ஒயினில் ஷெனின் பிளாங்க், ஷார்டனே, பினோ நுவார் ரகங்கள் சேர்கின்றன.

நாசிக் இருப்பது 20 டிகிரி வட அட்சரேகையில். கடல்மட்டத்துக்கு மேல் 600 மீட்டர் அளவு உயரம் கொஞ்சம் உதவுகிறது. ஆனால் அதிகம் உதவுவது கவாத்து. ஐரோப்பாவில் கோடையில் வளர்ந்து இலையுதிர்காலத் தொடக்கத்தில் பறிக்கப்படும் திராட்சையை, இங்கே செப்டம்பர், அக்டோபரில் கவாத்து செய்து குளிர்காலத்தில் காய்க்கவைக்கிறார்கள். பகல் வெயிலும் குளிர்ந்த இரவும் சேர்ந்து வரும் மாதங்களில் பழம் முற்றுகிறது. அந்தப் பருவத்தின் முதல் பறிப்பே ஸ்பார்க்ளிங் ஒயினுக்குப் போகிறது. அட்சரேகை தராத குளிரை நாள்காட்டியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இந்திய உழவின் பெருமைக்குரிய சாதனை என்றே இதைச் சொல்வேன்.

தமிழ்நாட்டுத் திராட்சையில் முடியுமா?

நம் கடற்கரைக்கு ஒயினின் அறிமுகம் பழையது. கடல் கடந்து வந்த ஜாடிகளின் ஓடுகள், மாமல்லபுரத்துக்குத் தெற்கே பாலாற்று முகத்துவாரத்தில் உள்ள வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழாய்வில் கிடைத்துள்ளன. யவனர் கொண்டுவந்த மதுவை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாடலில் குறிப்பிடுகிறார். ஆனால் அந்த மதுவும் இறக்குமதிதான். செங்கல்பட்டு மாவட்டத்தில் மார்கழி இரவுகூட 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. புளிப்பைக் காக்கும் குளிர் இங்கே இல்லை.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு திராட்சைக்குப் பேர்போனது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பந்தல் சாகுபடியில் அங்கே ஆண்டு முழுவதும் அறுவடை நடக்கிறது. பன்னீர் திராட்சை என்று நாம் வாங்கும் அந்த ரகம் 'மஸ்கட் ஹாம்பர்க்'. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகக் கருதப்படும் இதற்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மணமும் இனிப்புமே இதன் பலம். இனிப்பில்லாத, மண்டி மணம் கொண்ட ஸ்பார்க்ளிங் ஒயினுக்கு இந்தக் குணம் பொருந்தாது. மஸ்கட் குடும்பத்தின் வேறொரு ரகத்தில் இத்தாலியர்கள் தயாரிக்கும் ஆஸ்தியைப் பார்த்தால் இது விளங்கும். அது ஆல்கஹால் குறைந்த, இனிப்பான, தொட்டி முறை ஒயின். கம்பத்து விவசாயிக்கு உடனடியாகத் தேவைப்படுவது ஒயின் ஆலையைவிட, விலை சரியும் நாட்களில் பழத்தை வாங்கி நல்ல சாறாகவும் ஆல்கஹால் இல்லாத வாயு பானமாகவும் மாற்றும் ஆலைகளே.

சூடேறும் ஷாம்பெய்ன்

குளிரையே நம்பியிருந்த ஷாம்பெய்னிலும் இப்போது வெப்பம் ஏறுகிறது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் அறுவடை 2003, 2018, 2020, 2022 ஆண்டுகளில் ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. முன்பு திராட்சை பழுக்காத தென் இங்கிலாந்தின் சுண்ணாம்பு மண்ணில், இப்போது அதே ரகங்களில் தரமான ஸ்பார்க்ளிங் ஒயின் தயாராகிறது. ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்குத் தெற்கே குளிர்ந்த தாஸ்மேனியாத் தீவும் இதற்குப் பெயர் பெற்றிருக்கிறது.

லேபிளில் என்ன பார்க்க வேண்டும்?

மூன்று செய்திகளைத் தேடினால் போதும்: எந்த ஊர், எந்த முறை, எவ்வளவு இனிப்பு. 'பாரம்பரிய முறை' என்றிருந்தால் இரண்டாம் நொதிப்பு பாட்டிலுக்குள் நடந்தது. ஐரோப்பிய விதிப்படி, லிட்டருக்கு 3 கிராமுக்குக் குறைவான சர்க்கரையும் பிறகு எதுவும் சேர்க்காததும் 'புரூட் நேச்சர்', 6 கிராம் வரை 'எக்ஸ்ட்ரா புரூட்', 12 கிராமுக்குள் 'புரூட்'. பலரைக் குழப்புவது 'எக்ஸ்ட்ரா டிரை'. 12 முதல் 17 கிராம் வரை கொண்ட அது, புரூட்டைவிட இனிப்பானது. 'டெமி செக்' என்றால் 32 முதல் 50 கிராம்.

பரிமாறும் வேலைக்குப் போகும் மாணவர்களுக்குச் சில வார்த்தைகள். பாட்டிலை 6 முதல் 8 டிகிரிக்குக் குளிரவைத்த பிறகே திறக்க வேண்டும். சூடான பாட்டிலில் தக்கை கண்ணைப் பறிக்கும் வேகத்தில் பாயும். கம்பியைத் தளர்த்திய நொடியிலிருந்து கட்டைவிரல் தக்கையின் மேலேயே இருக்கட்டும். யார் முகத்துக்கும் நேராகப் பிடிக்காமல் சாய்த்து, தக்கையை இறுகப் பற்றிக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். சத்தமில்லாமல் திறப்பதே தேர்ந்த கையின் அடையாளம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 750 மில்லி பாட்டிலில் 12 சதவீதம் என்றால் 90 மில்லி தூய ஆல்கஹால். நுரையும் புளிப்பும் அதன் தீங்கைக் குறைப்பதில்லை. பாதுகாப்பான மது அளவு என ஒன்று இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்பது குற்றம். இந்தத் தொழிலைக் கற்க அதைக் குடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மண்ணையும் பருவத்தையும் நொதிப்பையும் அறிந்து, லேபிளைச் சரியாகப் படித்து, விருந்தினரின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லத் தெரிந்தவரே நல்ல பணியாளர்.