குளிர் வீட்டில் மாவு புளிக்க வைப்பது: பள்ளி நேரத்துக்குப் பிந்தைய மையங்கள் எப்படி இயங்குகின்றன?

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சமையலறைச் சங்கதி நன்றாகத் தெரியும். ஊரில் ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி வழிந்துவிடும். விரிகுடாப் பகுதியிலும் அதே அரிசி, அதே உளுந்து, அதே கைப்பக்குவம். காலையில் பார்த்தால் மாவு வைத்தது வைத்தபடி கிடக்கும். குற்றம் மாவில் இல்லை, வீட்டில் சூடு இல்லை. அதனால் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, ஓவனைப் போடாமல், உள்ளிருக்கும் விளக்கை மட்டும் எரியவிடுவார்கள். அந்த ஒரு பல்பின் வெதுவெதுப்பே மாவை எழுப்பிவிடும்.

அதே விரிகுடாப் பகுதியில் ஈஸ்ட் பாலோ ஆல்டோ என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். நடுவில் 101 நெடுஞ்சாலை. அந்தப் பக்கம் செல்வம். இந்தப் பக்கம் கறுப்பினத்தவரும் மெக்சிகோவிலிருந்தும் பசிபிக் தீவுகளிலிருந்தும் வந்தவர்களுமாக உழைக்கும் குடும்பங்கள். ஊருக்கென்று இருந்த ரேவன்ஸ்வுட் உயர்நிலைப் பள்ளியை 1976இல் மூடிவிட்டார்கள். அதன் பிறகு பிள்ளைகள் பஸ் ஏறி அடுத்த ஊர்ப் பள்ளிகளுக்குப் போனார்கள். 1992இல் மக்கள்தொகைக் கணக்கில் அமெரிக்காவிலேயே அதிகக் கொலைகள் நடந்த ஊர் என்ற பெயரும் வந்து சேர்ந்தது. இந்த ஊரில்தான் 1997இல் லாரீன் பவல் ஜாப்ஸும் கார்லோஸ் வாட்சனும் ‘காலேஜ் ட்ராக்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் வருவதற்கு ஓர் இடம். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தால் பட்டம் வாங்கும்வரை கூடவே வரும் ஆட்கள். மொத்தம் பத்து ஆண்டுப் பொறுப்பு.

மாவை எழுப்பிய அந்த வெதுவெதுப்பு, படித்த பெற்றோர் உள்ள வீட்டில் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது. எந்தப் பாடத்தை எப்போது எடுக்க வேண்டும், எந்தப் படிவத்துக்கு எது கடைசி நாள் என்பதெல்லாம் சாப்பாட்டு மேஜையிலேயே பேச்சுவாக்கில் காதில் விழுந்துவிடும். அது இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வெளியிலிருந்து அந்தச் சூட்டைக் கொடுப்பதுதான் இப்படிப்பட்ட மையத்தின் வேலை. எப்படிக் கொடுக்கிறார்கள் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

1. ஊறப்போடுதல்: ஒன்பதாம் வகுப்பு

இட்லி வேண்டுமென்றால் முந்தின நாளே அரிசியை ஊறப்போட வேண்டும். காலையில் நினைத்துக்கொண்டு பயனில்லை. கலிஃபோர்னியாவில் கல்லூரியும் அப்படித்தான். மாநிலப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்க, உயர்நிலைப் பள்ளியில் 15 ஆண்டுப் பாடங்களை முடித்திருக்க வேண்டும்: ஆங்கிலம் 4, கணிதம் 3, ஆய்வக அறிவியல் 2, வரலாறு 2, வேற்றுமொழி 2, கலை 1, விருப்பப் பாடம் 1. எல்லாவற்றிலும் குறைந்தது ‘சி’ மதிப்பெண். பள்ளியில் தேர்ச்சி பெற ‘டி’ போதும், பல்கலைக்கழகத்துக்குப் போதாது. இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லாததால், பள்ளிப் படிப்பை ஒழுங்காக முடித்தும் விண்ணப்பிக்கத் தகுதியில்லாமல் நிற்கும் பிள்ளைகள் உண்டு.

கணிதத்தில் அல்ஜிப்ரா ஒன்று, பிறகு வடிவியல், பிறகு அல்ஜிப்ரா இரண்டு என்று ஏணிப்படி. முதல் படியில் வழுக்கினால் பன்னிரண்டாம் வகுப்புக்குள் மேலே ஏறுவது பெரும்பாடு. அதனால்தான் மையத்தின் முதல் வேலை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் பாட அட்டவணையை வாங்கிப் பார்ப்பது. தவறான வகுப்பில் போட்டிருந்தால் அந்த வாரமே பள்ளிக்குப் பேசுவார்கள்.

2. அரைத்தல்: மாலை நேரம்

அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாக அரைப்போம். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துதான். ஆனால் அது குறைந்தால் இட்லி கல்லாகிவிடும். மையத்தில் பாடம் அரிசி என்றால், பிள்ளையின் மனமும் உடம்பும் உளுந்து. வந்ததும் முதலில் சாப்பிட ஏதாவது கொடுக்கிறார்கள். பிறகு வீட்டுப்பாடம். நல்ல டியூட்டர் கணக்கைத் தானே போட்டுக் காட்டுவதில்லை. “எந்த வரி வரைக்கும் சரியாக வந்தாய்?” என்று கேட்டு, அந்த வரியிலிருந்து தொடங்கச் சொல்கிறார். மனநல ஆலோசகரோடு பேச நேரம், கல்லூரி வளாகங்களுக்குப் பயணம், நாலு பேர் முன்னால் எழுந்து பேசும் பழக்கம் எல்லாம் இன்னொரு பக்கம் நடக்கின்றன.

3. புளிக்கவிடுதல்: அதே ஆள், அதே இடம்

இந்தக் கட்டத்தில் வெளியே எதுவும் தெரியாது. அடிக்கடி மூடியைத் திறந்து பார்ப்பதால் மாவு சீக்கிரம் புளிக்காது. அறக்கட்டளைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை கேட்கும். ஆனால் ஒரு பிள்ளை தன் வழிகாட்டியை நம்பி, “இந்த வாரம் நாங்கள் வீடு காலி செய்கிறோம்” என்று வாய் திறந்து சொல்வதற்கே ஒரு வருடம் ஆகலாம். அதைச் சொன்ன பிறகுதான் மதிப்பெண் ஏன் சரிந்தது என்பது விளங்கும்.

மினசோட்டாவில் 2000இல் தொடங்கிய ‘காலேஜ் பாஸிபிள்’ என்ற அமைப்பைப் பற்றி ஹார்வர்டு பொருளியலாளர் கிறிஸ்டோபர் ஏவரி ஓர் ஆய்வு நடத்தினார். விண்ணப்பித்த மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, உதவி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டார். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தவர்களின் விகிதம் 15 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியிருந்தது. பிள்ளைகளின் திறமை முன்பே அங்கே இருந்தது. விண்ணப்பம்வரை கூடவே நடந்து வர ஆள்தான் இல்லாமல் இருந்தது.

4. வேகவைத்தல்: பன்னிரண்டாம் வகுப்பின் இலையுதிர் காலம்

மாவு எவ்வளவு நன்றாகப் புளித்திருந்தாலும், கொப்பரையில் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் தட்டை ஏற்ற வேண்டும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு வழக்கமாக அக்டோபரும் நவம்பரும்தான் விண்ணப்ப மாதங்கள். எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் தன்னைப் பற்றி எழுத வேண்டும்.

“எழுத என்னிடம் ஒன்றுமில்லை” என்கிறான் ஒரு மாணவன் என்று வைத்துக்கொள்வோம். மையத்தின் வழிகாட்டியான கோச் கேட்கிறார்: “நேற்று பள்ளி விட்டதும் என்ன செய்தாய்?” தம்பியைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்தான். பாட்டியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், டாக்டர் சொன்னதை ஸ்பானிஷில் அவளுக்கு விளக்கினான். மின்கட்டண அலுவலகத்துக்கு போன் செய்து தவணை கேட்டான். அவனுக்கு அது வீட்டு வேலை. பொறுப்பு, மொழித்திறன், நிதானம் எல்லாம் அதில் இருப்பதை முதன்முதலாக ஒருவர் அவனுக்கு எடுத்துச் சொல்கிறார். கட்டுரை அங்கிருந்து தொடங்குகிறது.

அடுத்தது பணம். கூட்டாட்சி அரசின் கல்வி உதவிக்கு ‘ஃபாஃப்சா’ என்ற படிவம். ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை 2024-25இல் ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர். திருப்பிக் கட்ட வேண்டாத பணம்; ஆனாலும் படிவத்தைப் போட்டால்தான் கிடைக்கும். பெற்றோரின் வருமான வரி விவரம் கேட்பதால் பல வீடுகளில் பயம். குடியேற்ற ஆவணம் இல்லாத மாணவர்களுக்கு மாநிலத்தின் தனிப் படிவம் இருப்பது பலருக்குத் தெரியாது.

2008இல் எச் அண்ட் ஆர் பிளாக் என்ற வரிக் கணக்கு நிறுவனத்தின் அலுவலகங்களில் ஒரு சோதனை நடந்தது. வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வந்த பெற்றோருக்கு அங்கேயே சில நிமிடங்களில் இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். அப்படி உதவி பெற்ற வீடுகளில் அடுத்த மூன்றாண்டுகளில் கல்லூரியில் இரண்டு ஆண்டு முடித்த பிள்ளைகளின் விகிதம் 28இலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தது. தகவலை மட்டும் சொல்லி அனுப்பிய வீடுகளில் மாற்றமே இல்லை. துண்டறிக்கை கொடுப்பதற்கும் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தருவதற்கும் உள்ள தூரத்தை இவ்வளவு துல்லியமாக அளந்த சோதனை அரிது.

5. ஆறவிட்டு எடுத்தல்: இடைப்பட்ட கோடை

வெந்த இட்லியைச் சுடச்சுடக் கரண்டியால் பெயர்த்தால் பாதி தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். இடம் கிடைத்துவிட்டது என்று மே மாதத்தில் எல்லோரும் கைதட்டிவிட்டுக் கலைந்தால், அந்தக் கோடையிலேயே பிள்ளைகள் உதிர்ந்துவிடுகிறார்கள். பள்ளியின் பொறுப்பு முடிந்துவிட்டது, கல்லூரியின் பொறுப்பு இன்னும் தொடங்கவில்லை. விடுதி முன்பணம், இறுதி மதிப்பெண் பட்டியல், அறிமுக வகுப்புக்குப் பதிவு என்று வரிசையாக மின்னஞ்சல் வரும். ஏற்கெனவே மருத்துவக் காப்பீடு இருந்தால் கல்லூரியின் காப்பீடு “வேண்டாம்” என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் பெருந்தொகை பில்லில் ஏறிவிடும். அந்த பில்லைப் பார்த்ததும், “இது நமக்குக் கட்டுப்படியாகாது” என்று குடும்பமே முடிவெடுத்துவிடுகிறது.

கல்வி ஆய்வாளர்களான பெஞ்சமின் காசில்மன், லிண்ட்ஸி பேஜ் இருவரும் இதை ஆராய்ந்தார்கள். கல்லூரிக்குப் போகத் தயாராக இருந்தவர்களில் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர்வரை கோடையில் காணாமல் போகிறார்கள். நல்ல மையம் ஜூன், ஜூலையில் கதவைச் சாத்துவதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் பில்லையும் விரித்து வைத்து, வரி வரியாகப் பார்க்கிறார்கள்.

6. பரிமாறுதல்: பட்டமும் வேலையும்

பெல் இன்ஸ்டிடியூட் 2008இல் வெளியிட்ட கணக்கு மனத்தைப் பிசைகிறது: வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் ஏழை மாணவர்களில் ஆறு ஆண்டுகளில் பட்டம் வாங்கியவர்கள் 11 சதவீதம்; அந்தக் குறைகள் இல்லாதவர்களில் 55. சேர்க்கையோடு நிறுத்திக்கொண்டால் ஆக்கி வைத்ததை இலையில் போடாமல் விட்ட கதைதான். அதனால்தான் பத்தாண்டுக் கணக்கு. முதல் செமஸ்டரில் ஒரு பாடம் போய்விட்டால் பேராசிரியரின் அறைக்குப் போய் எப்படிக் கேட்பது, பகுதி நேர வேலையை எத்தனை மணி நேரத்தோடு நிறுத்துவது, இன்டர்ன்ஷிப்புக்கு ரெஸ்யூமே எப்படி எழுதுவது என்று கல்லூரிக் காலம் முழுக்க அதே ஆட்கள் பேசுகிறார்கள். தெரிந்தவர் மூலம் வேலைக்கு வழி கேட்கும் வாய்ப்பு வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பிறப்பிலேயே உண்டு. இவர்களுக்கு மையம் அந்த உறவை உண்டாக்கித் தருகிறது.

இத்தனையும் செலவு பிடிக்கும் காரியம். குறைந்த சம்பளத்தில் கோச்சுகள் நிலைப்பதில்லை. ஒருவர் போனால் பிள்ளை இன்னொருவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாசலுக்கு வருகிற எல்லோருக்கும் இடமும் இல்லை. ஆகவே இப்படி ஒரு மையத்துக்குக் கைகொடுக்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: ஒருமுறை பரிசுக் காசோலை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, கோச்சின் சம்பளத்துக்கு மூன்றாண்டு தொடர்ந்து கொடுங்கள். பணம் இல்லாவிட்டால் வாரத்தில் ஒரு மாலையைக் கொடுங்கள். ஆனால் எந்தக் கிழமை என்று சொன்னீர்களோ அந்தக் கிழமை தவறாமல் போங்கள். சொன்ன நாளில் வராமல் போன பெரியவர்களை அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டார்கள்.