ஒரு சேலை வாங்கியவர் மறுபடி ஏன் வரவில்லை? - மதுரை அக்காவின் நோட்டு சொன்ன கதை

பெரியம்மா மகள் மதுரையில் வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலை விற்கிறாள். கடை கிடையாது. இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், வாட்ஸ்அப்பில் ஒரு நம்பர், ஹாலில் ஒரு பீரோ, அவ்வளவுதான். போன தீபாவளி முடிந்ததும் அவளுடைய ஆர்டர் நோட்டை என் கையில் கொடுத்தாள். "நீதான் இதையெல்லாம் எழுதுற ஆளாச்சே, பாத்து சொல்லு. வித்துக்கிட்டே இருக்கேன், கையில ஒண்ணும் நிக்கல."

பக்கம் பக்கமாகப் பெயர்கள். கோவை, திருச்சி, பெங்களூரு, மும்பை என்று ஊர்கள். ஆனால் இரண்டு முறை வந்த பெயர்களை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம்.

கணக்கு எளிமையானதுதான். ஒரு சேலையில் 150 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது ஆள் ஒருவரை வரவழைக்க இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 100 ரூபாய் போனால் மிச்சம் 50. அதே ஆள் இரண்டாவது முறை தானாக வந்தால் 150-ம் கையில். அக்கா மாதாமாதம் புது ஆட்களையே தேடிக்கொண்டிருந்தாள். பழைய ஆட்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து கேட்டோம். பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராக மெசேஜ். "சேலை எப்படி இருக்குக்கா? ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க." விற்பனைப் பேச்சே இல்லை. விலை அதிகம் என்பார்கள் என்று பயந்தோம். அப்படிச் சொன்னவர் ஒரே ஒருவர்.

மற்றவர்கள் சொன்னது வேறு. "முதல் துவையல்லயே சாயம் போச்சு." "உங்க நம்பர் எதுன்னு மறந்துட்டேன்மா." "பார்சல் வர்றதுக்குள்ள மூணு தடவை கேட்டேன், அனுப்பியாச்சுன்னு மட்டும் சொன்னீங்க."

சாயம் போவதற்கு வருவோம். மதுரை சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. துணியைச் சிறுசிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் தோய்த்துப் புள்ளி எடுப்பதுதான் அதன் பழைய முறை. இன்று சந்தையில் அச்சில் புள்ளி போட்டவையும் சுங்குடி என்ற பெயரில்தான் நிறைய விற்கின்றன. அடர் நிறமென்றால் முதல் இரண்டு மூன்று துவையலில் கொஞ்சம் சாயம் இறங்கும். கல் உப்பு போட்ட தண்ணீரில் ஊறவைத்து, தனியாக அலசி, நிழலில் உலர்த்த வேண்டும் என்பது மதுரையில் எல்லா வீட்டிலும் தெரியும். மும்பையில் வாஷிங் மெஷினில் போடுபவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குக் கிடைத்தது சாயம் ஒட்டிய வெள்ளைச் சட்டையும், 'ஏமாத்திட்டாங்க' என்ற எண்ணமும்தான்.

இப்போது ஒவ்வொரு பார்சலிலும் கைப்பட எழுதிய ஒரு சீட்டு போகிறது. எப்படித் துவைப்பது, இது கைக்கட்டா அச்சா, கைக்கட்டென்றால் புள்ளிகள் ஒரே அளவில் இருக்காது என்ற மூன்று விஷயங்கள்தான் அதில். பணம் வாங்கும் முன்பே இதை வாட்ஸ்அப்பிலும் சொல்லிவிடுகிறாள். கேட்டுவிட்டு வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. போகட்டும், அவர்கள் எப்படியும் இரண்டாவது முறை வந்திருக்க மாட்டார்கள்.

ஒரே டிக்கில் நின்ற மெசேஜ்கள்

நம்பர் மறந்த கதைதான் எனக்கு அதிர்ச்சி. அக்கா புது ஸ்டாக் வரும்போதெல்லாம் வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் படம் அனுப்புவாள். ஒரு பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால், உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் அந்த மெசேஜ் போய்ச் சேரும். ஸ்டேட்டஸும் அப்படித்தான், இரண்டு பக்கமும் சேவ் செய்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் அவள் யாருக்கும் போகாத படங்களை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்! இப்போது சீட்டின் கடைசி வரி, 'இந்த நம்பரை சேவ் பண்ணிக்கோங்க.'

நடுவில் எல்லோரையும் ஒரு குரூப்பில் சேர்த்தும் பார்த்தாள். அன்றைக்கே பலர் வெளியேறிவிட்டார்கள். குரூப்பில் போட்டால் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். முன்பின் தெரியாதவர்களிடம் தன் நம்பர் போவதை எந்தப் பெண் விரும்புவாள்?

அதற்காகத் தினமும் 'குட் மார்னிங்' அனுப்பவும் கூடாது. ஒரு துணிக்கடையில் ஒரே ஒரு முறை வாங்கிய என் அம்மா, நாளுக்கு நாலு ஆஃபர் மெசேஜ் வந்ததில் அந்த நம்பரையே பிளாக் செய்துவிட்டார். வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் வசதி இருக்கிறது. 'மாம்பழ மஞ்சள் கேட்டவர்', 'அம்மாவுக்கு வாங்கியவர்' என்று அக்கா குறித்து வைக்கிறாள். அந்த நிறம் வந்தால் அவருக்கு மட்டும் ஒரு படம். பதில் வராவிட்டால் விட்டுவிடுவாள்.

குறை சொன்னவரை என்ன செய்வது?

'பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லையென்றால் எக்ஸ்சேஞ்ச் கிடையாது' என்று பல பக்கங்களில் எழுதியிருப்பார்கள். ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள் என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால், முதன்முறை வாங்குபவரிடம் பேச்சைச் சந்தேகத்தோடு தொடங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவின் இப்போதைய வழி வேறு. பேக் செய்யும் முன் சேலையை வெளிச்சத்தில் முழுசாக விரித்துப் பார்த்து, அதே சேலையைப் படமெடுத்து அனுப்புகிறாள். அதன்பிறகு புகார் குறைந்துவிட்டது. வந்தால் அன்றே பதில். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன.

தபாலில் போட்டதும் டிராக்கிங் நம்பர், தாமதமானால் அவர்கள் கேட்கும் முன் ஒரு வரி. இதற்குச் செலவே இல்லை.

'அடுத்த ஆர்டருக்கு 10 சதவிகிதம் தள்ளுபடி' கூப்பனையும் முயன்றாள். வந்தவர்கள், கூப்பன் இல்லாத மாதத்தில் காத்திருந்தார்கள். நிறுத்திவிட்டாள்.

சாயம் போனதென்று சொன்ன மும்பைக்காரருக்கு அன்று மன்னிப்புக் கேட்டு, வேறு சேலை அனுப்பினாள். நஷ்டம்தான். தை மாதம் அவரே கூப்பிட்டார், மகள் வளைகாப்புக்கு ஆறு சேலை.

போன வாரம் நோட்டைப் பார்த்தேன். இரண்டாவது முறை வந்தவர்களுக்குச் சிவப்புப் பேனாவில் ஒரு சுங்குடிப் புள்ளி. பக்கத்துக்கு மூன்று நான்கு இருக்கிறது. அக்காவுக்கு இப்போது புதுக் கவலை: "மூணாவது தடவை வாங்குறவங்க, பணம் அடுத்த மாசம் தரட்டுமான்னு உரிமையா கேக்குறாங்கடி. என்ன சொல்ல?"