குசினியில் கண்ட இறைவன்

செபிக்க வேண்டும் என்று எமக்குத் தெரியும். ஆனால் எங்கே இருந்து செபிப்பது? எந்த மனத்தோடு செபிப்பது? காணியை விட்டு எழும்பி வந்த குடும்பங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகின்றது.

ஊரில் கோவில் இருந்தது. பொழுதுபட்டதும் குடும்பமாக முழந்தாளிட்டுச் செபமாலை சொல்ல ஒரு விறாந்தை இருந்தது. இடம்பெயர்ந்த பின் அந்த ஒழுங்கு குலைந்தது. உறவினர் வீட்டு மூலையில் ஒதுங்கியிருப்பவருக்கும், அயலார் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகின்றவருக்கும் அமைதியாக இருக்க ஓர் இடமில்லை, நேரமுமில்லை. திரும்பிப் போனவர்களுக்கோ பற்றைக் காட்டை வெட்டிக் கிணற்றை இறைப்பதிலேயே பொழுது போய்விடுகின்றது. "இறைவனோடு ஒன்றித்திருப்பது துறவிகளுக்குச் சரி, எங்களுக்கு எப்படி?" என்று கேட்பது நியாயமே.

இக்கேள்விக்குத் தம் வாழ்வால் பதில் தந்த ஒருவரை இங்கு அறிமுகம் செய்கின்றோம். அவரும் போரால் அலைக்கழிக்கப்பட்டவர்.

போரில் நொண்டியான வாலிபன்

1614ஆம் ஆண்டளவில் லொறேன் நாட்டில், எரிமெனில் என்னும் சிற்றூரில் பிறந்தவர் நிக்கோலா ஏர்மான். லொறேன் இன்று பிரான்சின் ஒரு பகுதி. 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவில் நடைபெற்ற முப்பதாண்டுப் போர் அந்த மண்ணையும் சுட்டெரித்தது. படைகள் வந்தன, போயின. பஞ்சமும் கொள்ளைநோயும் பின்னால் வந்தன. ஊர்கள் வெறிச்சோடின.

நிக்கோலாவும் படையிற் சேர்ந்தார். ஒருமுறை உளவாளி என்ற சந்தேகத்தில் எதிர்ப்படையினர் அவரைப் பிடித்துத் தூக்கிலிடுவதாக மிரட்டினர். பின்னர் 1635இல் ஏற்பட்ட காயத்தால் வாழ்நாள் முழுவதும் நொண்டி நடந்தார்.

அவர் மனத்தில் முன்னரே ஒரு விதை விழுந்திருந்தது. ஏறக்குறைய 18 வயதில், மாரிகாலத்தில், இலை முழுவதும் உதிர்ந்து நின்ற ஒரு மரத்தைக் கண்டார். அங்கே மாரி என்பது மழையல்ல, கடுங்குளிர். பட்டுப்போனது போல நின்ற அந்த மரம் சில மாதங்களில் மீண்டும் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று எண்ணினார். அந்த எண்ணத்தோடு இறைவனின் பராமரிப்பும் வல்லமையும் அவருள்ளத்தில் ஆழப் பதிந்தன.

அடுப்படியில் ஒரு செபக்கூடம்

1640இல் பாரிஸ் நகரில் கர்மேல் சபையில் அவர் சேர்ந்தார். குருவாகவல்ல; வேலைகளைச் செய்யும் பொதுநிலைச் சகோதரராக. லோறன்ஸ் என்ற பெயர் அவருக்கு இடப்பட்டது. கொடுக்கப்பட்ட வேலை குசினி வேலை. சமையலில் அவருக்கு இயல்பான விருப்பம் கிடையாது. ஆயினும் ஏறக்குறைய 15 ஆண்டுகள் அந்தக் குசினியிலேயே நின்றார். பின்னர் துறவிகளின் செருப்புகளைத் தைக்கும் வேலை கிடைத்தது.

பானைகளின் சத்தத்துக்கும் ஆட்களின் அவசரத்துக்கும் நடுவே அவர் ஒரு பழக்கத்தை வளர்த்தார். வேலையைத் தொடங்கும்போது அதை இறைவனுக்கு ஒப்புக்கொடுப்பார். இடையிடையே, அருகில் நிற்கும் நண்பரோடு பேசுவது போல, உள்ளத்தால் ஓரிரு சொல் பேசுவார். முடிந்ததும் நன்றி சொல்வார். நிலத்திற் கிடக்கும் ஒரு துரும்பைப் பொறுக்குவதையும் அன்போடு செய்தால் அதுவும் இறைவனுக்கு உகந்தது என்பது அவர் எண்ணம். காலப்போக்கில் செப நேரம், வேலை நேரம் என்ற வேறுபாடே அவருக்கு இல்லாமற் போயிற்று.

இது இலேசாக வந்துவிடவில்லை. துறவியான பின் முதற் பத்து ஆண்டுகள் அவர் மனம் கடுமையாகத் துன்புற்றது. இறைவன் தம்மைக் கைவிட்டுவிட்டாரோ என்ற பயம் அவரை வாட்டியது. அந்த இருளிலும் பழக்கத்தை அவர் விடவில்லை. 1691 பெப்ரவரி 12இல் அவர் இறந்த பின், அவரோடு பழகிய ஒரு குரு அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்து வெளியிட்டார். கத்தோலிக்கரும் மற்றைய சபையாரும் இன்றும் அந்தச் சிறு நூலை வாசிக்கின்றனர்.

கொடியும் கிளையும்

யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் இயேசு தம்மை முந்திரிகைக் கொடிக்கும் தம் சீடரைக் கிளைகளுக்கும் ஒப்பிடுகின்றார். விவசாயிகளாகிய எமக்கு இது விளக்கமின்றியே விளங்கும். வெட்டிய கிளை இரண்டொரு நாள் பச்சையாகத்தான் தெரியும், பிறகு வாடும். ஒட்டியிருக்கும் கிளை பகலிலும் இரவிலும் சாறு பெறுகின்றது. சாறு ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. இறைவனோடு ஒன்றித்திருத்தலும் அப்படியே. அது பரவச உணர்ச்சியல்ல, விலகாமல் ஒட்டியிருத்தல்.

அப்படியானால் கோபமும் கண்ணீரும் வந்தால்? அவற்றையும் செபமாக்கலாம். பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட இஸ்ராயேலர் ஆற்றங்கரையில் அழுததைத் திருப்பாடல்கள் மறைக்கவில்லை. இயேசுவும் சிலுவையில், கைவிடப்பட்டவரின் குரலிலேயே தந்தையைக் கூப்பிட்டார். முறைப்பாடு சொல்லும் பிள்ளை தகப்பனைவிட்டுப் பிரிந்துவிட்ட பிள்ளையல்ல.

அதே பாபிலோனுக்கு எரேமியா இறைவாக்கினர் எழுதிய கடிதத்தையும் நினைப்போம். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நட்டு அதன் பலனை உண்ணுங்கள் என்பது அதன் சாரம். ஊர் திரும்பும் நம்பிக்கையை அவர் அழிக்கவில்லை. ஆனால் அந்த நாள் வரும்வரை வாழ்வை ஒத்திவைக்க வேண்டாம் என்றார். எனவே செபம் உரிமைக்குப் பதிலாகாது. காணிக்காக மனுக் கொடுப்பதும், சங்கமாகக் கூடிப் பேசுவதும், இரவற் காணியிலேனும் நாலு கத்தரிக் கன்று நடுவதும் செபத்தோடு சேர்ந்தே நடக்க வேண்டியவை.

நாம் செய்யக்கூடியது

காலையில் மண்வெட்டியை எடுக்கும்போது, அடுப்பை மூட்டும்போது, ஒரு கணம் நின்று, "ஆண்டவரே, இந்த வேலையில் என்னோடு இரும்" என்று சொல்லுவோம். தண்ணீர் மாறும்போது, வரம்பில் இளைப்பாறும்போது மீண்டும் நினைப்போம். அரைநாள் மறந்துபோனால் எம்மை நாமே ஏசிக்கொள்ள வேண்டாம். நினைவு வந்த இடத்திலிருந்து தொடங்குவோம். லோறன்ஸ் செய்ததும் அதுவே. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம். இரவில் விளக்கை அணைக்குமுன், அன்று நடந்ததில் ஒன்றுக்கு நன்றியும் ஒன்றுக்கு முறைப்பாடும் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லலாம்.

இலை உதிர்ந்த மரம் செத்த மரமல்ல. வேர் மண்ணைப் பிடித்திருக்கும்வரை அது துளிர்க்கும். எமது வேர் இறைவனில் இருக்கட்டும்.