யாழ் நரம்பும் கிற்றார்த் தண்டும்

முன்னர் என்னிடம் பாடங் கேட்ட மாணவர் ஒருவர், இப்பொழுது திருமண வைபவங்களில் மின்கிற்றார் வாசித்துச் சீவனம் நடத்துபவர், சில வாரங்களின் முன் தமது வாத்தியத்துடன் என் இல்லம் வந்தார். முதல் நாளிரவு, நடுப் பாட்டில் ஒரு தந்தி அறுந்ததாம். அறுந்தது ஒன்றே, ஆயின் எஞ்சிய ஐந்தும் ஒருங்கே சுருதி ஏறிவிட்டன. சபையோர் நகைத்தனர். பேசிய பணத்திற் பாதியே கைக்கு வந்தது. "வருகிற சனிக்கிழமை இன்னுமொரு கலியாணம் இருக்கிறது, ஐயா. கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது, வாசித்துப் பொருள் சொல்லுங்கள்" என்றார்.

கிற்றார் மட்டக்களப்புக்குப் புதியதன்று. இங்குள்ள பறங்கியரின் கப்பிரிஞ்ஞா ஆட்டத்திலே வயலினோடு அதுவும் ஒலித்து வந்திருக்கிறது. எனினும், அதன் மின்வடிவை இரைச்சற் கருவியென்று வகுப்பிலே பலகாலும் இகழ்ந்தவன் நான். அவ்விகழ்ச்சியை மறவாத மாணவர் என்னையே நாடி வந்தமை எனக்குச் சிறிது நாணம் தந்தது.

வாத்தியத்தின் உடலில், தந்திகள் வந்து முடியும் பாலத்திலே ஒரு வளைந்த இரும்புத் தண்டு பொருந்தியிருந்தது. அதற்குக் கையேடு தரும் பெயர் 'ட்ரெமொலோ'. இத்தாலிய மொழியில் நடுங்குதல் என்பது பொருள். 'நடுக்கற் கோல்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் தண்டை அழுத்திக் காட்டினார். ஓசை நடுங்கவில்லை, சுருதி கீழே வழிந்தது, விட்டதும் ஏறியது. இசைநூலார் ட்ரெமொலோ என்பது ஒலியின் வலிமை கூடிக் குறைவதனை. சுருதி ஏறியிறங்குவதற்கு அவர் இட்ட பெயர் விப்ராட்டோ. பெயரே பிழையாயிற்று!

பிழை எங்ஙனம் புகுந்ததெனத் தேடினேன். கிளேட்டன் கௌஃப்மன் என்பார் 1930-ஐ அடுத்து ஆக்கிய இத்தகைய கருவிக்கு 'வைப்ரோலா' என்று ஓரளவு பொருந்திய பெயரே இருந்தது. 1954-இல் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' கிற்றாரை வெளியிட்ட லியோ ஃபெண்டர், 1956-இற் பெற்ற உரிமைப் பத்திரத்திலும் 'ட்ரெமொலோ' என்றே எழுதிவிட்டார். அவருடைய ஒலிபெருக்கிகளிலோ, ஒலியின் வலிமையை அசைக்கும் உண்மையான ட்ரெமொலோவுக்கு 'விப்ராட்டோ' என்று பெயர்! வானொலி திருத்துவோராகத் தொழில் தொடங்கிய அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது என்பர். எழுபதாண்டுகளாக உலகம் அவ்வழுவையே சுமந்து நடக்கிறது.

பெயரை விட்டுப் பொருளுக்கு வருவோம். ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையாற் பாலத்தை முன்னே இழுக்கின்றன. வாத்தியத்தின் முதுகிலுள்ள குழிவில் மூன்று முதல் ஐந்து சுருள்விற்கள் அதனைப் பின்னே இழுக்கின்றன. இரண்டும் சமமாயின் பாலம் அசையாது நிற்கும். ஒரு தந்தி அறுந்தால் முன்னிழுக்கும் விசை குறையும், விற்கள் வெல்லும், எஞ்சிய ஐந்தும் இறுகிச் சுருதி ஏறும். மாணவருக்கு நேர்ந்தது இதுவே. அவர் கைப்பிழை ஒன்றுமில்லை.

இவ்விடத்தில் யாழ்நூலை நினைந்தேன். காரைதீவில் 1892-இல் தோன்றிய விபுலாநந்த அடிகள் பண்டிதராய் இருந்ததோடு விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். ஆதலின் பழைய யாழ் வகைகளின் நரம்புகளைக் கணிதத்தால் அளந்து காணும் துணிவு அவர்க்கு இருந்தது. 1947 யூனில், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், அந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். யாழிலே நரம்பொன்றுக்குச் சுரம் ஒன்று. வீணையிலோ விரலால் தந்தியை இழுத்துக் கமகம் பிறப்பிக்கலாம். யாழ் வழக்கொழிந்தமைக்கு இதனையும் ஒரு காரணமாகச் சொல்வாருளர். விரல் செய்யும் அவ்வேலையை ஆறு தந்திகளுக்கும் ஒருங்கே செய்ய முயல்வது இத்தண்டு. நம்மவர் கமகத்தின் நுட்பம் அதற்கு வாராது. கருநாடக இசையை மின்கிற்றாரில் வாசிக்கும் பிரசன்னா போன்றோர் இடக்கை விரல்களையே நம்புகின்றனர்.

சிலப்பதிகாரக் கானல்வரியில், யாழ் தொடுமுன் செய்யும் தொழில்களுள் பண்ணல் முதலது, பரிவட்டணை அடுத்தது. நரம்பைச் சுருதி கூட்டுவது பண்ணல். கூட்டியதை மீளமீளத் தடவிச் சோதிப்பது பரிவட்டணை. மிதக்கும் பாலமுடைய கிற்றாருக்கு இரண்டாவதன்றி உய்தியில்லை. ஒரு தந்தியை முறுக்கினால் பாலம் முன் சாய்ந்து மற்றை ஐந்தும் நெகிழும். ஆறாவதை முடிக்கும்போது முதலாவது பிழைத்திருக்கும்.

மாணவர் முதுகுத் தகட்டைக் கழற்றினார். விற்களிலே துரு. வாவியையும் கடலையும் இருபுறமும் கொண்ட ஊரில் இரும்பு வேறெவ்வாறு இருக்கும்? நீரில் நின்ற மரத்தாலும் அழுகிய மரத்தாலும் செய்த யாழிற் செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்னும் நரம்புக் குற்றங்கள் பிறக்கும் என்பது பழைய உரை மரபு. உப்புக் காற்றையும் அவ்வரிசையிற் சேர்க்கலாமோ என்று எண்ணினேன். துருவைத் துடைத்து, அறுந்த தந்திக்கு ஈடாகப் புதியது பூட்டி, கையேட்டை யான் வாசிக்க அவர் செய்தார்.

முதலிற் சுருதி கூட்டல். பின்பு, விற்களைப் பற்றியிருக்கும் கொக்கித் தகட்டின் இரு திருகாணிகளையும் அரைச் சுற்று இறுக்கல். மீண்டும் சுருதி கூட்டல். பாலத்தின் பின்விளிம்பு உடலுக்கு மேல் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் உயர்ந்து நிற்கும்வரை இதே சுழற்சி; மிக உயர்ந்திருந்தால் இறுக்குவதும், தாழ்ந்திருந்தால் தளர்த்துவதும். தலைப்பக்கத்து எலும்புத் தடையின் பள்ளங்களில் தந்தி சிக்குண்டு நின்றால், தண்டை விட்டபின் அது பழைய இடத்துக்கு மீளாது. அதற்குப் பென்சிற் கரி பூசினோம். மேடையிலே தந்தி அறுவதற்கு மட்டும் இவற்றுள் எதுவும் மருந்தன்று. அவ்வச்சம் உடையோர் விற்களை மேலும் இறுக்கிப் பாலத்தை உடலோடு படியவைப்பர். அப்போது தண்டு சுருதியை இறக்கும், ஏற்றாது. சனிக்கிழமையை எண்ணி மாணவர் இதனையே தேர்ந்தார். மூன்று மில்லிமீற்றருக்காக வருந்திய முயற்சியெல்லாம் வீண்போலும் என்றேன். "இல்லை, ஐயா, இப்போது காரணம் தெரிகிறது" என்றார்.

நடுக்கற் கோல் என்ற பெயரை அடித்துவிட்டு நெகிழ்கோல் என்று எழுதினேன். அவர் படித்துப் பார்த்து, "நாங்கள் இதைக் கை என்றுதான் சொல்லுவோம்" என்றார். தண்டை ஒருமுறை அழுத்தி விட்டார். ஐந்து தந்திகள் சரியாக மீண்டன. புதுத் தந்தி மட்டும் மயிரிழை தாழ்ந்து நின்றது. மீண்டும் பரிவட்டணை தொடங்கினோம்.